பன்றி வேலியில் ஒரு சேலை குறைந்தது

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து பன்றி புகுந்த பாத்தி மாதிரி இருக்கும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று இன்றைக்கும் எனக்கு நிதானம் கிடையாது. முப்பது வருடமாகக் கவ்வாத்துக் கத்தி பிடித்து, தேயிலைச் செடிகளின் தலையை வெட்டியே பழகிய கை இது. பேனாவைப் பிடித்தால் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன்.

எங்கள் தோட்டம் வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறிப் போகிற பக்கம். அப்போது எனக்கு வயது நாற்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. தங்கச்சியை டிக்கோயாவில் கட்டிக்கொடுத்த பிறகு, அம்மாவும் போன பிறகு, லயத்து வரிசை வீடுகளில் கடைசி வீட்டில் நான் ஒருத்தன்தான். ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்டால் பெரிய சோகக் கதை ஒன்றும் இல்லை. எனக்குப் பேச வராது, அவ்வளவுதான். ஆம்பிளைகளிடமே யோசித்து யோசித்துத்தான் பேசுவேன். குழாயடியில் பொம்பளைகள் நின்றால், எல்லாரும் போகிற வரைக்கும் வாளியோடு லயத்துக்குப் பின்னால் நிற்பேன்.

பேச வேண்டும் என்று நான் நினைத்தது ஒரே ஒரு பெண்ணிடம்தான். அவர் மேல் லயத்தில் இருந்தார். கொழும்பில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தவர், அம்மா தவறியதும் அப்பாவைப் பார்த்துக்கொள்ளத் திரும்பி வந்து, கொழுந்து எடுக்கச் சேர்ந்தார். என்னைவிட நாலைந்து வயது குறைவு. அவர் வந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. அந்தப் பதினோரு வருடத்தில் நான் அவரிடம் பேசியது ஒரே ஒரு தடவை. கொழுந்துச் சாக்கைத் தூக்கும்போது "பாத்து" என்றேன். அவர் திரும்புவதற்குள் சாக்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அவருடைய அப்பாவைத் தோட்டத்தில் என் வயதுக்காரர்கள் எல்லோரும் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் மட்டும் கூப்பிடுவதில்லை. பெரியப்பா என்று சொல்லிவிட்டால் அவர் மகள் எனக்குத் தங்கச்சி முறை ஆகிவிடும். மாமா என்று சொன்னால் மனதில் இருப்பது வெளியே வந்துவிடும். அதனால் பதினோரு வருடமாக அவரை ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமலே சமாளித்தேன். எதிரே வந்தால் தொண்டையைச் செருமுவேன். "ங்க" என்று மட்டும் முடிகிற மாதிரி பேசுவேன். "வாங்க, போங்க, மழைங்க." இப்படியே காலம் போனது.

அந்த வருடம் ஒரு பேச்சு அடிபட்டது. வலப்பனையில் கடை வைத்திருக்கும் அந்தப் பெண்ணின் அண்ணன், அப்பாவையும் தங்கச்சியையும் தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறாராம். சித்திரை வருசப் பிறப்பு முடிந்ததும் போய்விடுவார்களாம். அப்போது மாசி மாதம். கையில் இரண்டு மாதம்கூட இல்லை.

இந்த நிலைமையில்தான் பன்றி வந்தது.

லயத்துக்கு மேலே, காட்டை ஒட்டி எனக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. உருளைக்கிழங்கு, லீக்ஸ், ஓரத்தில் போஞ்சி. பேசாத ஆள் என்பதால் எனக்கு நேரம் நிறைய. அந்த நேரத்தையெல்லாம் அந்த மண்ணில்தான் போட்டேன். ஒரு காலையில் போய்ப் பார்க்கிறேன், பாத்தியைக் காணவில்லை! உருளைக்கிழங்கு பாதிக்கு மேல் போய்விட்டது. தின்றது கொஞ்சம், கடித்துத் துப்பியது நிறைய. லீக்ஸை அவை தொடவே இல்லை. பிடுங்கி வரிசையாகப் படுக்க வைத்துவிட்டுப் போயிருந்தன. பக்கத்தில் புதுத் தேயிலை நட்ட மலையிலும் மண்புழுவுக்காகக் கிளறி, கன்றுகளைச் சாய்த்து, தண்ணீர் போகிற கானை மூடிவிட்டிருந்தன. வேலியோரப் புதரில் ஒரு காட்டுக்கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அது கலைந்துவிடுமோ என்று பத்து நாளாக நான் அந்தப் பக்கம் மண்வெட்டியே போடவில்லை. அங்கே முட்டை ஓடு மட்டும் கிடந்தது. கிழங்கைவிட அந்த ஓட்டைப் பார்த்ததுதான் எனக்கு அதிகம் வலித்தது.

பக்கத்து வீட்டு அண்ணனுக்குச் செய்தி போனதும் யோசனைகள் வர ஆரம்பித்தன. அந்த அண்ணனும் நானும் ஒரே கவ்வாத்துக் கூட்டம். எதற்கும் அவரிடம் ஒரு யோசனை இருக்கும்.

"ரேடியோ வைடா. மனுசன் பேச்சுக் கேட்டா கிட்ட வராது."

வைத்தேன். மறுநாள் காலையில் ரேடியோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி வட்டமாக உழுதிருந்தது. உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் போயிருக்க வேண்டும்.

"மயிரு போடு. சலூன்ல வெட்டுன மயிரு. மூக்குல ஏறுனா தும்மிக்கிட்டே ஓடிரும்."

தலவாக்கலையில் ஒரு சலூனில் கேட்டு, ஒரு பை நிறைய வாங்கி பஸ்ஸில் ஏறினேன். ஒரு வளைவில் பை கிழிந்தது. ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது. பஸ் முழுக்கத் தலைமயிர் பறந்தது. கண்டக்டர் வாயிலிருந்து துப்பிவிட்டுக் கேட்டான்: "யாரோட தலைங்க இது?" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தேன். பன்றி தும்மியதோ இல்லையோ, நான் தும்மினேன்.

கடைசியாக அண்ணன் குரலைத் தாழ்த்தி, "கேபிள் கண்ணி வைப்போமா?" என்றார். அதற்கு மட்டும் நான் உடனே முடியாது என்றேன். பக்கத்துத் தோட்டத்தில் பன்றிக்கு வைத்த கண்ணியில் ஒரு சிறுத்தை இடுப்பு மாட்டிக் கிடந்ததை நாங்கள் இரண்டு பேரும்தான் போய்ப் பார்த்தோம். அது சத்தம் போடக்கூட முடியாமல் எங்களைப் பார்த்தது. அதிகாரிகள் ஊசியோடு வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அண்ணனுக்கும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். "சரி விடு" என்றார்.

அப்போது அண்ணன் சம்சாரம், அக்கா என்றுதான் கூப்பிடுவேன், ரொட்டி தட்டிக்கொண்டே சொன்னார்: "சேல கட்டுங்க. எங்கம்மா வீட்டுல அப்படித்தான். சுத்திப் பழஞ்சேலயக் கட்டி விட்டா காத்துல ஆடும். ஆளு நிக்கிதுன்னு பன்னி பயந்துரும்."

நல்ல யோசனைதான். ஆனால் பொம்பளை இல்லாத வீட்டில் சேலைக்கு எங்கே போவது? அம்மாவின் சேலைகளைத் தங்கச்சி கொண்டுபோய்விட்டாள். நிலத்தைச் சுற்றிவரப் பதினைந்து பதினாறு சேலையாவது வேண்டும். பொம்பளைகளிடம் போய் நானே கேட்பதா? பன்றியே எல்லாவற்றையும் தின்றுவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

அக்கா விடவில்லை. அடுத்த நாள் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில், நான் சாக்கை இறக்கிக்கொண்டிருக்கும்போது, எல்லார் முன்னாலும் சத்தமாகச் சொல்லிவிட்டார்.

"ஏய் புள்ளைகளா, இங்க கேளுங்க! இந்த ஆளுக்குச் சேல வேணுமாம்!"

"ஐயையோ! எப்பருந்து?"

"அண்ணனுக்கு என்ன நெறம் எடுப்பா இருக்கும்? மஞ்சளா?"

"ரவிக்கையும் சேத்துத் தரவா, சேல மட்டும் போதுமா?"

"அடியே, பன்னி வேலிக்குடி!"

"பன்னிக்குன்னா தாறேன். இவருக்குன்னா தர மாட்டேன்."

கணக்கப்பிள்ளைகூடத் தராசைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் காலிச் சாக்கை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். சாக்குக்குள் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அது யாருக்கும் தெரியாது.

அன்று சாயங்காலமே சேலைகள் வர ஆரம்பித்தன. என் வீட்டு வாசலில் குவித்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. "இது நான் தேருக்குக் கட்டுனது." "இது மூத்தவன் பொறந்தப்ப ஆசுபத்திரிக்குக் கட்டிக்கிட்டுப் போனது, நல்ல இடமாப் பாத்துக் கட்டுங்க." "இதக் கட்டுனா எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் சண்டதான் வரும், பன்னிக்கு ஆகட்டும்." நான் தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து வலித்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் கம்பு ஊன்றி எல்லாவற்றையும் கட்டி முடித்தேன். அடேயப்பா! சிவப்பு, மஞ்சள், நீலம், புட்டா போட்டது, சரிகை உதிர்ந்தது என்று அத்தனையும் மலைக்காற்றில் ஒரே நேரத்தில் எழும்பி ஆடியபோது, தோட்டமே திருவிழாவுக்குக் கிளம்பி வந்து என் கிழங்குப் பாத்தியைச் சுற்றி நின்ற மாதிரி இருந்தது. கீழே ரோட்டில் போன ஆட்டோ நின்றுவிட்டுப் போனது.

ஆனால் காட்டுப் பக்கம் ஒரு சேலை நீளத்துக்கு இடைவெளி. துணி தீர்ந்துவிட்டது.

யார் தரவில்லை என்று எண்ணிப் பார்க்கத் தேவையில்லை. ஒவ்வொரு சேலையும் வரும்போதே நான் ஒரே ஒருவரைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். மேல் லயத்தில் எல்லோரும் தந்தார்கள். அவர் தரவில்லை.

பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். கேட்காத கேள்விக்கே பதில். அன்றைக்குப் பன்றி சரியாக அந்த இடைவெளி வழியாக உள்ளே வந்து ஒரு வரிசைக் கிழங்கை முடித்துவிட்டு, வந்த வழியே போயிருந்தது. மற்றச் சேலை எதையும் அது தொடவில்லை.

அக்காவிடம் இதைச் சொன்னேன். சேலை குறைகிறது என்று மட்டும்தான் சொன்னேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அவகிட்ட நான் கேக்காமலா இருப்பேன்? கூட்டத்தோட கூட்டமாக் குடுக்க மாட்டாளாம். வேணும்ன்னா வந்து கேக்கச் சொல்லுங்கன்னு சொல்லிட்டா."

"யார?"

"என்னைய! கேக்குறான் பாரு, யாரயாம்!"

ஞாயிற்றுக்கிழமை காலையில் பனிமூட்டம் இறங்கியிருந்தது. நான் அந்த இடைவெளியில் போய் நின்று, கேட்க வேண்டியதைச் சொல்லிப் பழகினேன். "உங்ககிட்ட பழைய சேலை ஒண்ணு இருந்தாக் குடுங்க." நான்கு தடவை சொன்னேன். ஐந்தாவது தடவை நிமிர்ந்து பார்த்தால், பனிக்குள் இருந்து ஒரு பெரிய பெண் பன்றி வெளியே வந்து நிற்கிறது. பின்னால் கோடு போட்ட ஐந்து குட்டிகள். எனக்கும் அதற்கும் நடுவில் பத்தடிகூட இல்லை. ஓட வேண்டும். ஆனால் ஓடினால் கிழங்கு போய்விடும். நான் இரண்டு கையையும் சேலை மாதிரி விரித்துக்கொண்டு நின்றேன். பயத்தில், பழகி வைத்திருந்த வார்த்தை குழம்பி வேறு மாதிரி வாயில் வந்தது.

"உங்க சேலைதான் வேணும்!" என்று கத்தினேன்.

பன்றி என்னைப் பார்த்தது. ஒரு செருமல். திரும்பி, குட்டிகளை இழுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது. நான் விரித்த கையோடு நின்று சிரிக்க ஆரம்பித்தேன். சிரிப்பை நிறுத்த முடியவில்லை. பன்றியே பொறுமையாக நின்று கேட்டுவிட்டுப் போகிறது என்றால், மனுசர் கேட்க மாட்டாரா? சட்டையை மாற்றாமல்கூட நேரே மேல் லயத்துக்கு ஏறினேன். மாற்றினால் தைரியம் போய்விடும்.

வாசலில் அவருடைய அப்பா மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னப்பா?"

"பன்னி..."

"யாரு?"

"இல்லங்க. பன்னி வந்துச்சு."

"இங்கயா?" மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"இல்லங்க, கிழங்குக்கு. போயிருச்சுங்க."

"போன பன்னியப் பத்திச் சொல்லவா இம்புட்டுத் தூரம் ஏறி வந்த?"

உள்ளே யாரோ சிரிப்பை அடக்குகிற சத்தம். அவர் மகள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "சொல்லுங்க" என்றார்.

பழகியதில் பாதி மறந்துவிட்டது. பன்றியிடம் சொன்னதுதான் வந்தது. "வேலிக்கு ஒண்ணு குறையுது. உங்க சேலைதான் வேணும்."

"ஊரே குடுத்திருக்கே. பத்தலையா?"

"ஒண்ணு பத்தல."

"எந்த இடத்துக்கு?"

"காட்டுப் பக்கம். பன்னி வர்ற வழி."

"நல்ல இடமாத்தான் பாத்து எனக்கு ஒதுக்கி வச்சிருக்கீங்க."

உள்ளே போய் ஒரு சேலையோடு வந்தார். ஊதாவில் வெள்ளைப் பூ. கிழிசல் இல்லை, சாயம் போகவில்லை, மடிப்புக்கூடக் கலையவில்லை. எனக்கு அந்தச் சேலையைத் தெரியும். போன தீபாவளிக்குக் கட்டியிருந்தார்.

"இது நல்ல சேலையாச்சே" என்றேன். அவரிடம் நான் யோசிக்காமல் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"நல்லதுதான். சும்மா தர மாட்டேன். பதிலுக்கு நீங்க எனக்கு ஒரு சேல எடுத்துத் தரணும்."

மண்வெட்டியைத் தட்டுகிற சத்தம் நின்றது.

நான் சொன்னேன்: "சரிங்க. என்ன கலர்?"

அவர் என்னையே பார்த்தார். "எடுக்குறவங்க இஷ்டம்."

"சரிங்க" என்று சொல்லிச் சேலையை வாங்கிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். உண்மையாகவே வந்துவிட்டேன்! மடுவம் வரைக்கும் இறங்கிய பிறகுதான் என் கால் தானாக நின்றது. எங்கள் தோட்டத்தில் அப்பன், அண்ணன், தம்பி அல்லாத ஓர் ஆம்பிளை ஒரு பெண்ணுக்குச் சேலை எடுத்துக் கொடுப்பது எதற்கு? எனக்குத் தெரியாதா? தெரியும். ஐந்தாம் வகுப்பு படித்தவனுக்கும் தெரியும், படிக்காதவனுக்கும் தெரியும். அதை அவர் தன் அப்பா முன்னால் என்னிடம் கேட்டிருக்கிறார். நான் கலர் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

கானுக்குள் உட்கார்ந்துவிட்டேன். அங்கே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. சேலையை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தேன்.

ஈரக் கால்சட்டையோடு ஓடிப் போய் முதலில் சேலையைக் கட்டினேன். பன்றிக்கு என் சந்தோசம் தெரியாதல்லவா. பிறகு அக்கா வீட்டுக்கு ஓடினேன். நடந்ததைக் கேட்டு அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "கலர் கேட்டியா? அடப்பாவி, கலரா கேட்ட?" அண்ணன் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது.

மறுநாள் தலவாக்கலைக்குப் போனேன். துணிக்கடையில் இருந்த பெண், "யாருக்கு எடுக்குறீங்க?" என்றது. ஒரு வாரமாகச் சொல்லிப் பழகிய வாய், "வேலிக்கு" என்று சொல்லிவிட்டது. அந்தப் பெண் திரை போடுகிற துணியை எடுத்துப் போட்டது. "இல்லங்க, கல்யாணத்துக்கு" என்றேன். அந்த வார்த்தையைச் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாகவே இல்லை. ஒரு ஆரஞ்சு நிறச் சேலையைத் தேர்ந்தெடுத்து, இரண்டு கையால் உதறிக் காற்றில் ஆட்டிப் பார்த்தேன். வேலிக்குப் பார்த்துப் பழகிய கண். நன்றாக ஆடியது.

சேலைப் பையோடு மேல் லயத்துக்கு ஏறினேன். மண்வெட்டிக்குப் பிடி போட்டு முடிந்திருந்தது. அவருடைய அப்பா வெறுமனே உட்கார்ந்து, நான் ஏறி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கம்போலத் தொண்டையைச் செருமினேன். பிறகு செருமுவதை நிறுத்திவிட்டுச் சொன்னேன்.

"மாமா, சேல கொண்டாந்திருக்கேன்."

அவர் வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டார்.

"இந்தத் தோட்டத்துல என்னைய ஒண்ணுமே சொல்லிக் கூப்புடாத ஒரே ஆளு நீதான்பா. பதினோரு வருசம். ஏன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? வாயத் தொறந்து பெரியப்பான்னு சொல்லிப்புடுவியோன்னு எத்தன நாளு பயந்திருக்கேன் தெரியுமா?" பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏம்மா, வலப்பனைக்குப் போன் போட்டு அண்ணங்கிட்டச் சொல்லிரு. நாங்க வரலன்னு."

மகள் வெளியே வந்து பையைப் பிரித்தார். ஆரஞ்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது பன்னிய வெரட்டுற கலராச்சே."

"ஆமாங்க" என்றேன்.

"சரி. நல்லாத்தான் இருக்கு."

மிஞ்சிய கிழங்கு ஒரு மூட்டைதான் தேறியது. கோயிலில் நடந்த எங்கள் கல்யாணச் சாப்பாட்டுக்கு அது சரியாக இருந்தது. சேலை தந்தவர்கள் எல்லோரும் வந்து, "எங்க சேல காப்பாத்துன கிழங்கு" என்று இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். ஊதாச் சேலையை அவர் வேலியிலிருந்து அவிழ்த்துத் துவைத்துக் கட்டிக்கொண்டார். அடுத்த போகத்துக்குள் பன்றிகளுக்குச் சேலை பழகிவிட்டது. அடியில் மூக்கை விட்டு மெதுவாகத் தூக்கிவிட்டு உள்ளே வருகின்றன. இப்போது கற்களை அடுக்கி, அதற்கு மேல் சேலை கட்டியிருக்கிறோம். காட்டுப் பக்கம் இப்போது தொங்குவது நான் இடுப்பில் கட்டிய பழைய சாரம். அந்தப் பக்கம் மட்டும் பன்றி வருவதில்லை என்று வீட்டில் கேலி. போன வாரம் வேலியோரப் புதரில் மறுபடி ஒரு காட்டுக்கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேருமே மண்வெட்டி போடுவதில்லை.

இதை எழுதச் சொன்னவர் இப்போது அடுப்படியிலிருந்து, "இன்னும் முடியலையா?" என்கிறார். முடிந்துவிட்டது.

பங்குனி மாதப் பௌர்ணமி, போயா விடுமுறை, வியாழக்கிழமை, மத்தியானம்.